தற்காப்புப் பயிற்சி: எந்த வகுப்பில் சேர்வது?

தற்காப்பு கற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட ஒருவருக்கு அடுத்த முடிவுதான் கடினமானது. ஒரே நாளில் முடியும் பயிலரங்கு, சில வாரங்கள் நடக்கும் குறுகிய பயிற்சித் திட்டம், க்ராவ் மகா போல நேரடித் தாக்குதலை மனத்தில் வைத்து உருவான முறைகள், குத்துச்சண்டை, ஜூடோ போன்ற போட்டி விளையாட்டுகள், கராத்தே போன்ற மரபுக் கலைகள், இணையக் காணொளிகள் என்று வழிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் வருபவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்றே சொல்கிறது. இவற்றுள் எது வலிமையான கலை என்று வாதிடுபவர்கள் அதிகம். என் பார்வையில் அந்த வாதத்தால் கற்க வருபவருக்குப் பயன் குறைவு, ஏனெனில் சம எடையுள்ள, பயிற்சி பெற்ற இருவர் நடுவர் முன்னிலையில் மோதுவதைப் போல அன்றாட வாழ்க்கையின் ஆபத்து அமைவதில்லை. ஒரு வகுப்பு எந்தச் சூழலுக்கு ஆளைத் தயார்செய்கிறது, எந்த வழியில் பயிற்றுவிக்கிறது என்ற இரண்டையும் வைத்து ஒப்பிட்டால்தான் தெளிவான முடிவுக்கு வர முடியும்.

ஆபத்து எப்படி வருகிறது

பல வகுப்புகள் காட்டும் காட்சி, இருட்டில் பின்னாலிருந்து பாயும் முகமறியாத மனிதர். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ மூன்று பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் இணையரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கோ பிறரின் பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார். 15 முதல் 49 வயது வரை உள்ள, இணையருடன் வாழ்ந்த பெண்களில் 27 விழுக்காட்டினர் அந்த இணையராலேயே வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இணையர் அல்லாதவர்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 6 விழுக்காட்டினர். அந்த இணையர் அல்லாதவர்களிலும் உறவினர், உடன் படிப்பவர், மேலதிகாரி, குடும்ப நண்பர் என்று அறிந்த முகங்கள் உண்டு. ஆகவே, அறியாதவரிடமிருந்து விடுபடுவதை மட்டும் கற்பிக்கும் வகுப்பு, ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்தின் பெரும்பகுதியைத் தொடாமலே விட்டுவிடுகிறது.

ஆண்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. உலகெங்கும் கொலை செய்யப்படுகிறவர்களில் ஐந்தில் நால்வர் ஆண்கள். குற்றக் கும்பல்களோடு தொடர்பில்லாத சாதாரண ஆண் ஒருவர் வன்முறையில் சிக்குவது பெரும்பாலும் வாய்த்தகராறு வழியாகத்தான்: வண்டி உரசியதற்காக, வரிசையில் முந்தியதற்காக, குடித்திருந்தவரின் ஒரு சொல்லுக்குப் பதில் சொன்னதற்காக. சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் இருவரும் பின்வாங்க மறுக்கும்போது கை ஓங்கப்படுகிறது. இப்படிப்பட்டவருக்குத் தேவை, மானம் போனதாக நினைக்காமல் விலகி நடக்கும் பயிற்சி. அதற்குப் பிறகுதான் அடியைத் தடுக்கும் பயிற்சி.

இரு நிலைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கை மேலே படுவதற்கு முன்பே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் தேவையின்றி நெருங்குகிறார், விலகினால் மீண்டும் நெருங்குகிறார், மறுத்த பிறகும் அதையே கேட்கிறார், தனியான இடத்துக்கு அழைக்கிறார், அல்லது குரலை உயர்த்தியபடி இரண்டு அடி முன்னால் வருகிறார். இந்தச் சில நொடிகளோ சில நிமிடங்களோதான் தற்காப்புக்கு மிகவும் பயன்படும் நேரம். இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் நேரே மணிக்கட்டுப் பிடியிலிருந்து பாடத்தைத் தொடங்கும் வகுப்பு, கதையைப் பாதியிலிருந்து சொல்கிறது.

உடலின் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அச்சத்தில் அட்ரினலின் பெருகும்போது பார்வை எதிரில் இருப்பதன் மேல் மட்டும் குவிகிறது, பக்கத்து ஒலிகள் காதில் விழுவதில்லை, விரல்களால் செய்யும் நுட்பமான வேலைகள் தடுமாறுகின்றன, சிலருக்கு உடல் அப்படியே உறைந்துவிடுகிறது. உறைந்து நிற்பதைக் கோழைத்தனம் என்று பழிப்பது தவறு. உயிரினங்கள் பலவற்றில் காணப்படும் இயல்பான எதிர்வினை அது. 1952இல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற பிரித்தானிய உளவியலாளர், எரியும் விளக்குக்கு ஏற்ற பொத்தானை அழுத்தச் செய்து நடத்திய சோதனைகளில், தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் கூடக்கூட எதிர்வினைக்கு ஆகும் நேரமும் கூடுவதைக் காட்டினார். ஆய்வுக்கூட முடிவைத் தெருவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், ஒரு பிடிக்கு ஐந்து விடுவிப்பு முறைகளைக் காட்டும் வகுப்பைவிட, ஐந்து பிடிகளுக்கும் உதவும் ஒரே அசைவை நூறு முறை செய்ய வைக்கும் வகுப்பை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே கீழ்வரும் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பவை மூன்று. மோதலுக்கு முந்தைய நேரத்தை வகுப்பு கையாள்கிறதா? உடன் பயிலும் இணையர் உண்மையாகவே எதிர்க்கும்படி பயிற்சி தரப்படுகிறதா? சேர்பவர் தம் உடல்நிலைக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி அதைத் தொடர முடியுமா?

ஒரு நாள் பயிலரங்கும் காணொளியும்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் பயிலரங்கு விழிப்புணர்வைத் தருகிறது, கத்துவதற்கும் மறுப்பதற்கும் கூச்சத்தைப் போக்குகிறது, அடுத்து எங்கே சேரலாம் என்ற ஆவலை உண்டாக்குகிறது. அந்த அளவில் அது நல்லது. ஆனால் ஒரு பிற்பகலில் பத்துப் பன்னிரண்டு உத்திகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வைத்து, கைதட்டலோடு அனுப்பிவைக்கும் பயிலரங்குகள், இனி எதையும் சமாளிக்கலாம் என்ற பொய்யான தைரியத்தை ஊட்டிவிடக்கூடும். காணொளிகளின் குறை இதைவிடப் பெரியது: அதில் தாக்குபவராக நடிப்பவர் கையைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருப்பார். பார்ப்பவரின் உடல் எதையும் கற்பதில்லை. ஏற்கெனவே வகுப்புக்குப் போகிறவர் தாம் கற்றதை நினைவுபடுத்திக்கொள்ளக் காணொளி உதவும். தனியாக அதை மட்டும் நம்பக் கூடாது.

குறுகிய பயிற்சித் திட்டம்

எல்லா வழிகளிலும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், அதுவும் குறிப்பாக இளம் பெண்களுக்கு. காரணம், இந்த வகைக்கு மட்டும் கறாரான ஆய்வுச் சான்று கிடைத்திருக்கிறது. கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழக உளவியலாளர் சார்லின் சென் தலைமையிலான குழு, மூன்று கனடியப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு படித்த 893 மாணவிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நான்கு அமர்வுகளில் மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. மற்றப் பிரிவுக்கு வழக்கமாகப் பல்கலைக்கழகங்கள் தரும் தகவல் கையேடுகள். 2015இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த முடிவுகளின்படி, அடுத்த ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் கையேட்டுப் பிரிவில் 9.8 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 5.2 விழுக்காடு. வல்லுறவு முயற்சிக்கு ஆளானவர்கள் கையேட்டுப் பிரிவில் 9.3 விழுக்காடாகவும் பயிற்சிப் பிரிவில் 3.4 விழுக்காடாகவும் இருந்தனர்.

இந்தப் பயிற்சிக்குள் என்ன இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உதைப்பதும் அடிப்பதும் அந்த 12 மணி நேரத்தில் ஒரு பகுதி மட்டுமே. அறிந்த ஆண் ஒருவரின் நடத்தையில் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, ‘இவர் நம் நண்பர்தானே, தவறாக நினைத்துவிட்டால்?’ என்று உள்ளே எழும் தயக்கத்தை இனங்கண்டு தாண்டுவது, குரலால் உறுதியாக மறுப்பது, அதன் பிறகும் நிற்காதவரை உடலால் எதிர்ப்பது, தன் விருப்பங்களையும் எல்லைகளையும் தானே தெளிவாக அறிந்திருப்பது என்ற வரிசையில் அது அமைந்திருந்தது. மற்ற வகுப்புகள் பெரும்பாலும் தொடாமல் விடும் இடம் அந்தத் தயக்கம். முகமறியாதவரின் கண்ணில் குத்தத் துணியும் பெண்ணுக்கும், தன்னை வீட்டில் கொண்டுபோய் விட வந்த உடன் படிப்பவரிடம் குரலை உயர்த்துவது கடினமாக இருக்கலாம். அந்தக் கடினத்தைப் பேசிப் பேசி, நடித்துப் பார்த்துத் தளர்த்துவதற்கு நேரம் ஒதுக்கும் திட்டம் மதிப்புக்குரியது. அதே வேளையில், இந்த ஆய்வு கனடாவின் மாணவிகளைப் பற்றியது. ஆண்களுக்கும் முதியவர்களுக்கும் வேறு சூழல்களுக்கும் அதே அளவு பலன் உண்டு என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இதே வகையில் இன்னொரு பிரிவு, முழுக் கவசம் அணிந்த பயிற்றுநரை முழு வேகத்தில் தாக்கச் செய்வது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேட் தாமஸ் தொடங்கிய ‘மாடல் மக்கிங்’ பயிற்சி இதற்கு முன்னோடி. கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்ற ஒரு பெண் வல்லுறவுக்கு ஆளான செய்தி தாமஸைச் சிந்திக்க வைத்ததாக அந்தப் பயிற்சியின் வரலாறு சொல்கிறது. கவசமணிந்தவர் முதலில் பேச்சுக் கொடுப்பார், வசைபாடுவார், வழிமறிப்பார், பிறகு பிடிப்பார். கற்பவர் நடுங்கும் உடலோடும் படபடக்கும் நெஞ்சோடும் செயல்பட வேண்டியிருக்கும். அட்ரினலின் பெருகிய நிலையிலேயே கற்றால், அந்த நிலை மீண்டும் வரும்போது உடலுக்கு அது முற்றிலும் புதிதாக இருக்காது என்பதே இதன் அடிப்படை. முன்பு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இத்தகைய காட்சிகள் பழைய காயத்தைக் கிளறக்கூடும் என்பதால், எந்த நொடியிலும் நிறுத்த உரிமை உண்டா, பயிற்சிக்குப் பின் பேசுவதற்கு ஆள் உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

குறுகிய திட்டத்தின் குறை வெளிப்படையானது. சில வாரங்களில் கற்ற உடல் திறன், பழகாவிட்டால் மங்கிவிடும். தன்னைவிடப் பலமான ஒருவர் முழு எடையோடு மேலே சாய்ந்தால் அது எப்படி இருக்கும் என்பதை உடல் அறிய, குறுகிய காலம் போதாது.

போட்டி விளையாட்டுகள்

அந்த அறிவைத் தருவதில் போட்டி விளையாட்டுகளுக்கு நிகரில்லை. விதிகள் நிறைந்த விளையாட்டு விதிகளற்ற தாக்குதலுக்கு எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு ஜூடோவின் வரலாறு நல்ல விடை. 1882இல் டோக்கியோவில் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் முறைகளைக் கற்றவர். அவற்றிலிருந்த, இணையரைக் காயப்படுத்தாமல் செய்யவே முடியாத உத்திகளை அவர் கட்டற்ற பயிற்சியிலிருந்து விலக்கினார். எஞ்சியவற்றை மாணவர்கள் நாள்தோறும் முழு பலத்தோடு, மறுத்துப் போராடும் இணையரிடம் செய்து பார்க்க முடிந்தது. கண்ணைக் குத்தும் உத்தியை ஒருவர் காற்றில் ஆயிரம் முறை செய்யலாம். எதிர்ப்பவர் மேல் ஒரு முறையும் செய்து பார்த்திருக்க மாட்டார். தூக்கி வீசும் உத்தியை அவர் உண்மையாகவே ஆயிரம் முறை முயன்றிருப்பார், பெரும்பாலான முறை தோற்றுமிருப்பார். நெருக்கடியில் கை தானாகச் செய்வது அப்படி முயன்று பழகியதைத்தான். விலக்கியதால் கலை பலவீனமாகவில்லை, பயன்படுத்தக்கூடியதாக மாறியது என்பது என் உறுதியான கருத்து.

பிடிச் சண்டை வகைகளான ஜூடோ, மல்யுத்தம், பிரேசிலிய ஜியு-ஜிட்சு ஆகியவற்றுக்கும், அடிச் சண்டை வகைகளான குத்துச்சண்டை, முவே தாய் ஆகியவற்றுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது அடுத்த கேள்வி. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, பல கலைகளின் வீரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரரான ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய உடல் கொண்டவர்களைத் தரையில் வீழ்த்தி அடங்கச் செய்ததிலிருந்து, பிடிச் சண்டையே தற்காப்பின் முதல் கலை என்ற எண்ணம் பரவியது. பாதி உண்மை அது. எதிராளி ஒருவர் மட்டுமே என்பது உறுதியான மேடையில் தரைக்குப் போவது வேறு. கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கக்கூடிய தரையில், எதிராளியின் நண்பர் அருகில் நிற்கும்போது படுத்துச் சண்டையிடுவது வேறு. எனினும், தரையில் அழுத்தப்படுவதைத் தானாகத் தேர்ந்தெடுக்காமலே அந்த நிலைக்கு ஆளாகக்கூடியவர்கள், குறிப்பாகப் பெண்கள், அங்கிருந்து இடுப்பை நகர்த்தி வெளியேறவும் எழுந்து நிற்கவும் கற்றிருப்பது பெரிய பலம். அதைப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவைப் போல வேறெதுவும் பொறுமையாகக் கற்பிப்பதில்லை.

கழுத்தை நெரிப்பதைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1943இல் வெளியான ரோசன் குழுவினரின் சோதனையில், தன்னார்வலர்களின் கழுத்தில் காற்றுப் பட்டையால் அழுத்தம் தந்து மூளைக்கான இரத்த ஓட்டத்தை நிறுத்தியபோது, 5 முதல் 10 நொடிகளுக்குள் அவர்கள் நினைவிழந்தார்கள். வீட்டு வன்முறையில் கழுத்தை நெரிப்பது மிக ஆபத்தான அறிகுறி. பிடிச் சண்டை பயில்பவர்களுக்கு இந்த அழுத்தமும், முகவாயைத் தாழ்த்தி எதிராளியின் கையை உடனே இழுக்க வேண்டிய அவசரமும் உடலளவில் தெரியும். அடிச் சண்டை மட்டும் பயின்றவருக்கு அது புதியது. நெரிபட்டுத் தப்பியவர், வெளியே தடம் எதுவும் தெரியாவிட்டாலும், மருத்துவரிடம் போயே ஆக வேண்டும் என்பதையும் நல்ல வகுப்பு சொல்லித்தரும்.

குத்துச்சண்டையின் பலம் வேறு. தூரத்தை அளக்கவும், அடி வருவதைக் கண்டு தலையை நகர்த்தவும், ஒரு அடி பட்ட பிறகும் கண்ணை மூடாமல் நிற்கவும் அது கற்றுத்தருகிறது. சில மாதங்களிலேயே பலன் தெரியும். ஆனால் 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கியதிலிருந்து, குத்துச்சண்டை கையுறையின் விளையாட்டாகவே வளர்ந்தது. வெறும் முட்டியால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலின் அடியிலுள்ள எலும்பு முறிவது மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் காயம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி அடிப்பதைச் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்றுநர் கிடைத்தால் நல்லது. மூளைக்குத் தொடர்ந்து படும் அடிகள் சேர்ந்து தீங்கு செய்வதால், பழகுச் சண்டையைக் கட்டுப்பாடான வேகத்தில் நடத்தும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடியின் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரே குத்தில் ஒருவர் பின்னால் சாய்ந்து, தலை நடைபாதையில் மோதி இறந்துபோகும் சம்பவங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, மது அல்லது போதையில் அப்படி மரணம் விளைவித்தவருக்குக் குறைந்தது 8 ஆண்டுச் சிறை என்று விதித்தது. வாய்த்தகராறில் முதல் குத்தை விடுபவர் கொலைகாரராக வீடு திரும்பாமல் போகலாம். பிடித்து நிறுத்தவும் தள்ளி விலகவும் தெரிந்தவருக்கு, குத்தைத் தவிர வேறு வழிகள் கையிலிருக்கின்றன. வாக்குவாதங்களில் அதிகம் சிக்கும் ஆண்களுக்கு நான் பிடிச் சண்டையைப் பரிந்துரைப்பதற்கு இதுதான் முதன்மைக் காரணம்.

ஜூடோவுக்கு இன்னொரு நன்மை உண்டு: விழக் கற்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. வாழ்நாளில் ஒரு முறையும் தாக்கப்படாதவர்கூடப் பலமுறை விழுவார். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, கையை ஊன்றாமல், உடலை உருட்டி விழும் பழக்கம் அன்றாட வாழ்க்கையில் பயன்படும் தற்காப்பு. ஜூடோவின் விதிகள் காலப்போக்கில் கலையைச் சுருக்கியதும் உண்மைதான். 2010 முதல் எதிராளியின் காலை நேரடியாகக் கையால் பிடிப்பதற்குச் சர்வதேசப் போட்டிகளில் தடை வந்தபின், பல வகுப்புகள் அந்தத் தாக்குதலைத் தடுக்கவும் பயிற்றுவிப்பதில்லை. ஆனால் விழும் கலை அப்படியே இருக்கிறது.

போட்டி விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, மோதலுக்கு முந்தைய நேரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை என்பது. மணி அடித்ததும் சண்டை தொடங்கும். இருவரும் சம்மதித்தே வந்திருப்பார்கள். விலகி ஓடினால் அங்கே தோல்வி, தெருவில் அதுவே வெற்றி. இந்த வேறுபாட்டைப் பயிற்றுநர் அவ்வப்போது நினைவூட்டாவிட்டால், நல்ல வீரர்கூடத் தேவையற்ற சண்டையில் நின்றுவிடுவார்.

க்ராவ் மகாவும் அதைப் போன்றவையும்

இந்தக் குறையை நிரப்புவதாகச் சொல்லி வந்தவை க்ராவ் மகா போன்ற முறைகள். இமி லிக்டென்ஃபெல்ட் 1930களில் பிராட்டிஸ்லாவாவில் யூதக் குடியிருப்புகளைத் தாக்கிய கும்பல்களை எதிர்த்து நின்ற அனுபவத்திலிருந்து இதை வளர்த்தார். பிறகு இஸ்ரேல் படைகளுக்குப் பயிற்றுவித்தார், ஓய்வுக்குப் பின் பொதுமக்களுக்கும் ஏற்றபடி மாற்றியமைத்தார். பலர் சேர்ந்து தாக்குவது, ஆயுதம், குறுகிய இடம், தப்பியோடும் பாதை ஆகிய அனைத்தும் பாடத்தில் உண்டு. எளிய, பெரிய அசைவுகளை வலியுறுத்துவதும் சரியான திசை.

பலரும் மறப்பது, லிக்டென்ஃபெல்ட் அதற்கு முன்பே குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் போட்டியிட்டு வென்றவர் என்பதை. எதிர்க்கும் உடலோடு ஆண்டுக்கணக்கில் மோதிய ஒருவர் தேர்ந்தெடுத்த உத்திகள் அவை. அந்த அடித்தளம் இல்லாதவருக்கு உத்திகளின் பட்டியலை மட்டும் கொடுத்தால் அதே பலன் கிடைக்காது. இன்று இந்தப் பெயரில் நடக்கும் வகுப்புகளின் தரம் மிகவும் வேறுபடுகிறது. வாரந்தோறும் பழகுச் சண்டை வைத்து வியர்க்கவைக்கும் இடங்களும் உண்டு. இணையர் ஒரு முறை கையை நீட்டி, பிறகு சிலைபோல நிற்க, மற்றவர் ஏழு அடிகளைத் தொடர்ந்து அடித்துக்காட்டும் இடங்களும் உண்டு. பின்னதைவிட ஒரு சாதாரணக் குத்துச்சண்டைக் கூடம் எவ்வளவோ மேல். முன்னது கிடைத்தால், ஒரே இடத்தில் எல்லாம் வேண்டும் என்பவருக்கு அதுவே நல்ல தேர்வு.

கத்தியைப் பறிக்கும் உத்திகளைப் பெருமையோடு காட்டும் வகுப்புகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வேன். சால்ட் லேக் சிட்டி காவல் அதிகாரி டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடிவருபவர் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் காவலருக்கே அந்த நேரம் போதாமல் போகும் என்பதே அவர் சொல்ல வந்தது. வெறுங்கையோடு நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பணப்பையையோ கைப்பேசியையோ கேட்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பொருளைத் தூரமாக எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓட வேண்டும். இடையில் நாற்காலி, வண்டி, பை என்று எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டவருக்கு மட்டுமே ஆயுதம் ஏந்திய கையை இரு கைகளாலும் பற்றும் பாடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கற்பிப்பவர் மாணவரின் உயிரோடு விளையாடுகிறார்.

மரபுக் கலைகளும் கருவிகளும்

கராத்தே, டேக்வாண்டோ, அய்கிடோ போன்றவை உடல் கட்டுப்பாடு, மனவொழுக்கம், நெடுநாள் தோழமை ஆகியவற்றைத் தருகின்றன. குழந்தைகளுக்கு இவை பொருத்தமானவை. தற்காப்புக்கு என்று பார்த்தால், ஒரே கலையின் பெயரில் நடக்கும் இரு வகுப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு இரு கலைகளுக்கிடையே உள்ளதைவிடப் பெரியதாக இருக்கும். முழுத் தொடர்புச் சண்டை பயிலும் கியோகுஷின் கராத்தே மாணவர் அடிபடப் பழகியவர். காட்டா எனப்படும், தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளை மட்டும் அழகாகச் செய்து பட்டைகளைப் பெற்றவர் அப்படிப் பழகியிருக்க மாட்டார். பட்டையின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதிருப்பது நல்லது.

மிளகுத் தெளிப்பானும் ஒலி எழுப்பியும் பயிற்சிக்கு மாற்றாகா. தெளிப்பானை வைத்திருப்பது சில நாடுகளில் குற்றம். அனுமதி உள்ள இடத்திலும், பையின் அடியில் கிடந்தால் நெருக்கடியில் எடுக்க முடியாது, காற்று எதிர்த்து வீசினால் தெளித்தவரின் கண்ணிலேயே படும். ஒலி எழுப்பி பொதுவாகச் சட்டச் சிக்கலின்றிப் பயன்படக்கூடியது, கையில் தயாராகப் பிடித்திருந்தால்.

யாருக்கு எது

கல்லூரிக்கோ வேலைக்கோ புதிதாக வீட்டைவிட்டு வெளியே போகும் பெண்ணுக்கு, குரலும் எல்லையும் நடிப்புக் காட்சிகளும் அடங்கிய குறுகிய திட்டம் முதலில்; அது முடிந்ததும் வாரம் இரு முறை பிரேசிலிய ஜியு-ஜிட்சு அல்லது ஜூடோ, ஓராண்டுக்காவது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் குறுகிய திட்டத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரவில் தனியாகப் பயணம் செய்யும், பொது இடத்தில் பலரைச் சமாளிக்க வேண்டிய வேலையில் உள்ளவருக்கு, தரமான க்ராவ் மகா வகுப்போ, பேச்சால் தணிக்கும் பயிற்சியோடு சேர்ந்த குத்துச்சண்டையோ பொருந்தும். கோபக்காரர் என்று தம்மைத் தாமே அறிந்த ஆண், மல்யுத்தத்தையோ ஜூடோவையோ பழகட்டும்; வாரந்தோறும் பாயில் தோற்பது அவருக்கு மிக நல்ல மருந்து.

ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர் கடினமான பழகுச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. மெல்ல விழுவதையும், தரையிலிருந்து எழுவதையும், கைகளை நெஞ்சளவில் முன்னால் உயர்த்தி ‘அங்கேயே நில்லுங்கள்’ என்று உரக்கச் சொல்வதையும் கற்றுத்தரும் பயிற்றுநர் போதும். எழுந்து நிற்கும் வலிமை குறைந்தவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஏற்றபடி பாடத்தை மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; தேடிக் கண்டுபிடிப்பது மதிப்புள்ள முயற்சி.

வீட்டிலேயே தாக்கப்பட்டுக்கொண்டிருப்பவருக்கு எந்த வகுப்பையும் முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை எதிர்த்து வென்றாலும் அதே வீட்டில் உறங்க வேண்டியிருக்கும். தாக்குபவர் அடுத்த முறை கூடுதல் வன்மத்தோடு வரலாம். பிரிந்து செல்லும் காலமே பலருக்கு மிக ஆபத்தான காலம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைத்தல், ஆவணங்களையும் பணத்தையும் வெளியே பத்திரப்படுத்துதல், உதவி மையத்தின் துணையோடு வெளியேறும் திட்டம் வகுத்தல் ஆகியவை முதலில். தற்காப்பு வகுப்பு அதற்குப் பின், இழந்த தன்னம்பிக்கையை மீட்க நிச்சயம் உதவும்.

சேரும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். புதியவரும் பழையவரும், ஆண்களும் பெண்களும் எப்படி இணைந்து பயில்கிறார்கள், உடல் சிறியவர் செய்யும் உத்தி உண்மையாகவே எதிர்க்கும் பெரியவரிடம் பலிக்கிறதா, பலிக்காதபோது பயிற்றுநர் என்ன சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும். ‘இது எல்லா நேரத்திலும் வேலை செய்யாது’ என்று சொல்லத் துணியும் பயிற்றுநரை நம்பலாம். சட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்: தற்காப்புச் சட்டங்கள் பொதுவாக உடனடி ஆபத்து, வேறு வழியின்மை, ஆபத்துக்கு ஏற்ற அளவான எதிர்ப்பு ஆகியவற்றைப் பார்க்கின்றன, விழுந்துவிட்டவரைத் தொடர்ந்து உதைக்கும் பாடத்தை நடத்துபவர் மாணவரைச் சிறைக்குத் தயார்செய்கிறார். கடைசியாக, யாராவது தட்டி நிறுத்தக் கேட்டால் அந்த நொடியே பிடி விடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘தெருவில் யாரும் நிறுத்த மாட்டார்கள்’ என்று சொல்லிப் பிடியைத் தளர்த்தாத இடமென்றால், அங்கே மற்ற எல்லாம் சிறப்பாக இருந்தாலும் வேறு வகுப்பைத் தேடுவதே சரி.